கடற்கரையில் திறந்த விண்வாயில்

நுழையும்முன்

மனிதரை விண்ணுக்கு அனுப்புவதில் வல்லரசுகள் ஒன்றையொன்று முந்த முயன்ற காலம் அது. அப்போட்டியில் சேர மறுத்த ஒருவர், வறுமை மிகுந்த ஒரு நாட்டுக்கு விண்வெளி எவ்வகையில் பயன்படும் என்று கேட்டார். அதற்கான விடையை நாஞ்சில் நாட்டுக்கு அண்மையிலுள்ள ஒரு மீனவச் சிற்றூரின் மணற்பரப்பில் தேடினார். இந்திய விண்வெளி ஆய்வின் தந்தை எனப் போற்றப்பெறும் விக்ரம் சாராபாயின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் சாலை ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து காவல்கிணற்றை அடைகிறது. அங்கு நின்று வடமேற்கே நோக்குவோர்க்கு மகேந்திரகிரி மலை தோன்றும். இராமாயணத்தில் இலங்கைக்குத் தாவுவதற்காக அனுமன் கால் ஊன்றிய மலை இதுவே என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை. மலையடிவாரத்தில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பொறிச் சோதனை வளாகம் உள்ளது. ஏவூர்திகளின் பொறிகளைத் தரையோடு பிணைத்து நிறுத்தி, எரியூட்டி, அவற்றின் ஆற்றலை இங்கே அளந்து பார்க்கின்றனர். சோதனை நாள்களில் எழும் முழக்கம் அண்டையிலுள்ள ஊர்களுக்கும் கேட்கும்.

வயலும் குளமும் தென்னந்தோப்பும் நிறைந்த நாஞ்சில் நாட்டின் விளிம்பிற்கு இம்முழக்கம் எவ்வாறு வந்து சேர்ந்தது? அதன் தொடக்கத்தைத் தேடினால், கன்னியாகுமரியிலிருந்து மேற்குக் கடற்கரை வழியே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தும்பாவுக்குச் செல்ல வேண்டும். தும்பாவின் கதையோ அங்கிருந்து நெடுந்தொலைவில், சபர்மதி ஆற்றங்கரையிலுள்ள அகமதாபாத் நகரில் தொடங்குகிறது.

ஆலை முதலாளியின் வீடு

விக்ரம் சாராபாய் 1919ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் அகமதாபாத்தில் பிறந்தார். தந்தை அம்பாலால், துணி ஆலைகளின் உரிமையாளர், பெருஞ்செல்வர். தாய் சரளாதேவி. தம் பிள்ளைகளை வெளிப்பள்ளிக்கு அனுப்புவதைவிட வீட்டு வளாகத்திலேயே ஒரு பள்ளியை நடத்துவது மேல் என்று பெற்றோர் கருதினர். மனப்பாடத்துக்கு அங்கு இடமில்லை. தச்சுக் கருவிகளும் ஆய்வுக் கருவிகளும் சிறுவர்களின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன. காந்தியடிகள், இரவீந்திரநாத் தாகூர், சர் சி. வி. இராமன் முதலியோர் விருந்தினராக வந்துசென்ற வீடு அது.

அவ்வீட்டுக்குள் ஒரு முரணும் இருந்தது. விக்ரமின் அத்தை அனசூயா, ஆலைத் தொழிலாளர்களின் பக்கம் நின்றவர். 1918இல் கூலி உயர்வு கேட்டு அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, காந்தியடிகளுடன் சேர்ந்து அவர்களை வழிநடத்தினார். எதிர்ப்பக்கத்தில் ஆலை முதலாளிகளின் சார்பில் நின்றவர் அவருடைய உடன்பிறந்தவரான அம்பாலால். ஆயினும் குடும்பம் பிளவுபடவில்லை. செல்வத்தை ஈட்டுவோரும் அச்செல்வத்தில் உரிய பங்கைக் கேட்போரும் ஒரே குடும்பத்தில் இருந்த சூழலில் விக்ரம் வளர்ந்தார். ஓர் அறிவியல் திட்டத்தால் யாருக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வியைப் பின்னாளில் அவர் ஓயாமல் எழுப்பியதற்கு இவ்வளர்ப்பும் ஒரு காரணம் எனலாம்.

தாகூரின் பரிந்துரைக் கடிதத்துடன் இங்கிலாந்து சென்ற விக்ரம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயின்று 1940இல் தேர்ச்சி பெற்றார். இரண்டாம் உலகப்போர் மூண்டிருந்ததால் தாயகம் திரும்பி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இராமனின் மேற்பார்வையில் ஆய்வைத் தொடர்ந்தார். அங்குதான் பரதநாட்டியக் கலைஞர் மிருணாளினியைச் சந்தித்தார். மிருணாளினியின் தந்தை சுவாமிநாதன், சென்னையின் புகழ்பெற்ற வழக்கறிஞர். இந்திய தேசிய இராணுவத்தில் பெண்கள் படையைத் தலைமையேற்று நடத்திய கேப்டன் இலட்சுமி, மிருணாளினியின் தமக்கை. இருவரின் திருமணம் 1942இல் சென்னையில் நடைபெற்றது. வெள்ளையனே வெளியேறு இயக்கத்தால் நாடே கொந்தளித்திருந்ததால், மணமகன் வீட்டார் எவரும் வந்துசேர இயலவில்லை.

உயரத்தைத் தேடிய அறிவியல்

விக்ரம் எடுத்துக்கொண்ட ஆய்வுப்பொருள் அண்டக் கதிர்கள். இவை விண்ணின் ஆழத்திலிருந்து பெருவேகத்தில் வந்து புவியைத் தாக்கும் நுண்துகள்கள். இவற்றின் கண்டுபிடிப்பே உயரம் ஏறத் துணிந்த ஒரு மனிதரின் கதைதான். காற்றில் மின்தன்மையை உண்டாக்கும் கதிர்வீச்சு மண்ணிலிருந்தே வருகிறது என்று முன்பு கருதினர். அவ்வாறாயின் மேலே செல்லச்செல்ல அது குறைதல் வேண்டும். ஆஸ்திரிய நாட்டு அறிஞர் விக்டர் ஹெஸ் 1912இல் அளவுக் கருவிகளுடன் பலூனில் 5 கிலோமீட்டருக்கும் மேலே சென்றார். கதிர்வீச்சு குறையவில்லை, பெருகியது. அது மேலிருந்து வருகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

உயரம் ஏறுவது எளிய செயலன்று. 1875இல் செனித் என்ற பலூனில் 8 கிலோமீட்டருக்கும் மேலே சென்ற பிரெஞ்சு ஆய்வாளர் மூவருள் இருவர், உயிர்வளி போதாமல் பலூனிலேயே உயிர் துறந்தனர். அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேல் கடந்து, 1931இல் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் அகஸ்தே பிக்கார் காற்றுப் புகாத உலோகக் கோளம் ஒன்றைச் செய்வித்தார். தம் உதவியாளருடன் அதற்குள் அமர்ந்து, பலூனின் துணையால் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் உயரத்தை அடைந்தார். அடுக்குவளி மண்டலத்தை எட்டிய முதல் மனிதர்கள் அவர்களே. அவர்கள் அங்கு அளக்கச் சென்றதும் அண்டக் கதிர்களைத்தான். பிற்கால விண்கலங்களில் மனிதரைக் காக்கும் அழுத்தமூட்டிய அறைக்கு பிக்காரின் கோளம் ஒரு முன்னோடி.

விக்ரமிடம் அத்தகைய பலூன் இல்லை. இந்தியாவிடம் இருந்தது மலை. துகள்களை எண்ணும் கருவிகளைத் தாமே அமைத்துப் பெங்களூருவில் அளவெடுத்த அவர், 1943இல் அக்கருவிகளுடன் காஷ்மீரத்தின் உயர்ந்த மலைப்பகுதிக்குச் சென்றார். போர் முடிந்தபின் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று, வெப்பமண்டலப் பகுதிகளில் அண்டக் கதிர்களின் இயல்பு குறித்த ஆய்வுக்காக 1947இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அவ்வாண்டு நவம்பர் 11ஆம் நாள் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைத் தோற்றுவித்தபோது அவருக்கு வயது 28. அதன் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் கே. ஆர். இராமநாதன், பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்து, வளிமண்டல ஆய்வில் உலகப் புகழ் பெற்றவர். தம்மைப்போல் ஏறத்தாழ இருமடங்கு வயதுடைய ஓர் அறிஞரை அழைத்து வந்து தலைமை இருக்கையில் அமர்த்திவிட்டு, நிறுவியவர் தம் கருவிகளுடன் ஆய்வில் ஈடுபட்டார். காலப்போக்கில் குல்மார்க், கொடைக்கானல், திருவனந்தபுரம் ஆகிய இடங்களிலும் இவ்வாய்வுக்கூடத்தின் அளவீட்டு நிலையங்கள் அமைந்தன. மலையுச்சிகள் எட்டாத உயரத்தில் என்ன நிகழ்கிறது என்பதை அறிய, ஏவூர்தி தேவைப்பட்டது.

தென்முனையின் காந்தக் கோடு

1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் ஒன்றியம் முதல் செயற்கைக்கோளை ஏவியது. 1961 ஏப்ரல் 12இல் யூரி ககாரின் 108 நிமிடங்களில் புவியை ஒருமுறை சுற்றித் திரும்பினார். மனிதன் விண்வெளிக்குச் சென்ற முதல் நாள் அது. அவ்வாண்டின் இறுதியில் ககாரின் இந்தியாவுக்கு வந்தபோது மக்கள் திரண்டு வரவேற்றனர். 1962இல் ஹோமி பாபாவின் தலைமையிலிருந்த அணுசக்தித் துறையின்கீழ் விண்வெளி ஆய்வுக்கான தேசியக் குழு அமைக்கப்பட்டு, அதன் தலைமைப் பொறுப்பு விக்ரம் சாராபாயிடம் அளிக்கப்பட்டது.

ஏவுதளத்தை எங்கே அமைப்பது? இதற்கு விடை கூறியது காந்த ஊசி. வடதுருவத்தின் அருகே காந்த ஊசி செங்குத்தாக மண்ணை நோக்கிச் சாயும். தெற்கே வரவரச் சாய்வு குறையும். ஓரிடத்தில் அது மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும். அத்தகைய இடங்களை இணைக்கும் கோடே புவிக்காந்த நடுக்கோடு. இந்தியாவில் அது தென்முனைக்கு அருகே செல்கிறது. பகல் வேளையில் அக்கோட்டின் நேர்மேலே, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், வலிமை மிக்க மின்னோட்டம் ஒன்று மேற்கிலிருந்து கிழக்காக ஆற்றைப் போலப் பாய்கிறது. பலூன் அவ்வளவு உயரம் எழாது. செயற்கைக்கோளோ அவ்வளவு தாழ்ந்து நிலைத்துச் சுற்ற இயலாது. காற்றின் உராய்வில் விழுந்துவிடும். அவ்வடுக்கிற்கு நேரே சென்று அளக்கத்தக்கது ஆய்வு ஏவூர்தி ஒன்றே.

இக்கோட்டின் சிறப்பை உணர்ந்தவர்கள் சாராபாய்க்கு முன்னரும் இருந்தனர். நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தபோது, மன்னர் சுவாதித் திருநாள் 1837இல் திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வகத்தை நிறுவினார். அதன் முதல் இயக்குநரான ஜான் கால்டிகாட் புவிக்காந்த அளவீடுகளைத் தொடங்கினார். அவருக்குப் பின்வந்த ஜான் ஆலன் பிரவுன், யானைகள் உலவும் காட்டைக் கடந்து, 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலை உச்சியில் 1855இல் ஓர் ஆய்வு நிலையத்தை அமைத்தார். ஒரே வேளையில் மலையின் உச்சியிலும் சமவெளியிலும் காந்த ஊசி எவ்வாறு அசைகிறது என்று ஒப்பிட்டுக் காண்பது அவர் நோக்கம். புயற்காற்றும் மழையும் ஓயாத அச்சிகரத்தில் தங்கி அளவெடுத்த பிரவுனைத் தென்னாட்டின் உயர்மலை ஆய்வின் முன்னோடி எனக் கூறினால் மிகையாகாது. அவர் பெயர் இன்று பலருக்குத் தெரியாது. ஆய்வு ஏவூர்தி, அவர் கேட்ட வினாவையே இன்னும் 100 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுசென்றது.

பள்ளித்துறையின் மக்கள்

கேரளக் கடற்கரையில் பல இடங்களைப் பார்வையிட்டபின், திருவனந்தபுரத்துக்கு வடக்கேயுள்ள தும்பா ஏற்றதெனக் கண்டனர். ஒருபுறம் கடல், மறுபுறம் இருப்புப்பாதை. இடையே ஏறத்தாழ 600 ஏக்கர் மணல்நிலம். எரிந்து முடிந்த ஏவூர்தி கடலில் விழும். வரைபடத்தில் பார்த்தால் அது வெற்றுமணல். ஆனால் அம்மணலில் பள்ளித்துறை என்னும் மீனவர் ஊரும், புனித மகதலேனா மரியாள் தேவாலயமும், அதையடுத்து ஆயரின் இல்லமும் இருந்தன.

குளச்சல், முட்டம், தூத்தூர் முதலிய குமரிமாவட்டக் கடலோர ஊர்களை அறிந்தோர்க்கு இச்சிக்கலை விளக்க வேண்டியதில்லை. கோட்டாற்றை மையமாகக் கொண்டு புனித சவேரியார் 1544இல் இக்கரையெங்கும் நடந்து சமயப்பணி ஆற்றிய காலம் முதல், தேவாலயமே மீனவர் ஊர்களின் நடுவிடம். பிறப்பு, திருமணம், இறப்பு, ஊர்வழக்கு அனைத்தும் அங்குதான். வீடு கடலைப் பார்த்திருக்க வேண்டும்; கட்டுமரம் கண்ணில் பட வேண்டும். விடியுமுன் அலையின் நிறத்தைக் கண்டு தொழிலுக்குப் போகும் ஒருவரைக் கரையிலிருந்து உள்ளே குடியேற்றினால், அவர் இழப்பது நிலம் மட்டுமன்று.

அரசு ஆணையால் நிலத்தை எடுத்துக்கொள்ள இயலும். எனினும் சாராபாய் முதலில் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவைச் சென்று கண்டார். அதன்பின் நிகழ்ந்ததை அப்துல் கலாம் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். ஆயர் உடனே விடை கூறவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு வருமாறு சொன்னார். அன்று கூடியிருந்த மக்களிடம், தேவாலயத்தையும் தம் இல்லத்தையும் அவர்களின் வீடுகளையும் அறிவியலறிஞர் ஒருவர் கேட்கிறார் என்பதை மறைக்காமல் எடுத்துரைத்தார். அறிவியலும் சமயமும் மனிதரின் நலத்தையே நாடுகின்றன என்று விளக்கி, கொடுக்கலாமா என்று கேட்டார். மக்கள் ஒருகணம் அமைதியாக இருந்தனர். பின்னர் ஆமென் என்று ஒருமித்துக் கூறினர்.

இந்நிகழ்ச்சி மேடைகளில் பலவாறு பாராட்டப்படுகிறது. பாராட்டுவோர் அம்மக்கள் மறுநாள் என்ன செய்தனர் என்பதைக் கூறாமல் விட்டுவிடுகின்றனர். அவர்கள் பாத்திரங்களையும் வலைகளையும் தூக்கிக்கொண்டு வேறிடம் சென்றனர். புதிய பள்ளித்துறையில் வீடுகளும் ஒரு தேவாலயமும் எழுந்தன. முன்னோரைப் புதைத்த மண்ணும் பழகிய துறையும் வேலிக்குள் சென்றன. நாட்டின் விண்வெளித் திட்டத்துக்கு முதல் முதலீட்டைத் தந்தவர்கள் யார் என்று கணக்கிட்டால், இம்மீனவர்களின் பெயர் அரசின் பெயருக்கு முன்னே எழுதப்பட வேண்டும்.

மிதிவண்டியில் வந்த ஏவூர்தி

தேவாலயம் அலுவலகமாயிற்று. ஆயர் இல்லத்திலும் ஆய்வுப்பணி தொடங்கியது. அமெரிக்காவில் ஏவூர்திப் பயிற்சி பெற்றுத் திரும்பிய இளைஞர்களுள் இராமேசுவரத்தைச் சேர்ந்த அப்துல் கலாமும் சென்னையைச் சேர்ந்த ஆர். அரவமுதனும் இருந்தனர். திருவனந்தபுரத்தில் விடுதி அறைகளில் தங்கி, தொடருந்து நிலைய உணவகத்தில் உண்டு, பேருந்தில் தும்பாவுக்குச் சென்றனர். ஏவூர்தியின் பகுதிகளை மிதிவண்டியின் பின்னிருக்கையில் வைத்துத் தள்ளிச் செல்லும் ஒளிப்படம் அக்காலத்தின் சான்றாக இன்றும் உலவுகிறது.

1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் மாலை. அமெரிக்கா தந்த நைக்கி அப்பாச்சி என்னும் ஈரடுக்கு ஏவூர்தி. பிரான்சு தந்த சோடியம் ஆவிக் கருவி. ஏவூர்தியை ஏவுமேடையில் ஏற்றும் பளுதூக்கியில் கசிவு ஏற்பட்டது. மாலை மங்கிக்கொண்டிருந்தது, அவ்வாய்வுக்கு அந்திப்பொழுது தவறக்கூடாது. இளைஞர்கள் தம் தோள்வலிமையால் ஏவூர்தியை உரிய நிலைக்கு நகர்த்தினர். பின்னர் அது சீறி எழுந்தது.

அந்திப்பொழுதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தரையில் இருள் சூழ்ந்தபின்னும் 100 கிலோமீட்டருக்கு மேலுள்ள வானில் கதிரவனின் ஒளி படும். அங்கு வெளியேறிய சோடியம் ஆவி அவ்வொளியில் செம்மஞ்சள் நிற மேகமாகச் சுடர்ந்தது. அம்மேகம் எத்திசையில் எவ்வளவு விரைவாக இழுபடுகிறது என்பதை வெவ்வேறு இடங்களிலிருந்து படம்பிடித்தால், அவ்வுயரத்தில் வீசும் காற்றின் வேகம் தெரியவரும். தென்கேரளத்திலும் தமிழகத்தின் தென்கோடியிலும் மக்கள் வீட்டு வாயிலில் நின்று இதுவரை காணாத அந்நிறத்தை வியப்புடன் நோக்கினர். குமரிமாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன. வானத்து மேகத்துக்கு அந்தப் புதிய எல்லை தெரியவில்லை.

அயல்நாட்டு ஏவூர்திகளை ஏவுவதோடு நிறைவடையச் சாராபாய் விரும்பவில்லை. 1967 நவம்பர் 20இல் ரோகிணி வரிசையின் முதல் ஏவூர்தி தும்பாவிலிருந்து எழுந்தது. அதன் விட்டம் 75 மில்லிமீட்டர். ஒரு தண்ணீர்க் குவளையின் அளவே. எட்டிய உயரம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். பயணிகள் விமானம் பறக்கும் உயரந்தான். நகைப்பதற்கு இடமிருந்தது, நகைத்தவர்களும் இருந்தனர். ஆனால் அது இந்தியரின் கைகளால் உருவானது. 1968 பிப்ரவரி 2ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி தும்பா ஏவுதளத்தை ஐக்கிய நாடுகள் அவைக்கு அர்ப்பணித்தார். பகைமை பாராட்டிய அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் இம்மணற்பரப்பில் அருகருகே ஆய்வு செய்தன.

போட்டியில் சேர மறுத்தவர்

1966 சனவரி 24இல் ஹோமி பாபா விமான விபத்தில் இறந்தார். அணுசக்தி ஆணையத்தின் தலைமையும் சாராபாயின் தோளில் ஏறியது. இந்தியாவின் பொருளியல் நிலை அப்போது மிகவும் நலிந்திருந்தது. அடுத்தடுத்து மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு நின்றது. உண்ண உணவில்லாத நாட்டுக்கு ஏவூர்தி எதற்கு என்ற வினா நாடாளுமன்றம் முதல் தேநீர்க்கடை வரை எழுந்தது. அது வெறும் ஏளனமன்று, நேர்மையான வினா. சாராபாயும் அதனை நேர்மையாகவே எதிர்கொண்டார்.

நிலவுக்கோ பிற கோள்களுக்கோ செல்வதிலும், மனிதரை விண்ணில் பறக்கவிடுவதிலும் செல்வநாடுகளோடு போட்டியிடும் கனவு இந்தியாவுக்கு இல்லை என்று அவர் வெளிப்படையாக அறிவித்தார். அதே மூச்சில் வேறொன்றையும் வலியுறுத்தினார். மக்களின் அன்றாட இடர்களைத் தீர்க்க உயர்தொழில்நுட்பத்தைக் கையாள்வதில் இந்தியா எந்நாட்டுக்கும் பின்தங்கக்கூடாது என்பதே அது. முதற்பகுதியைக் கேட்டோர் அவரைத் துணிவற்றவர் என நினைத்திருக்கலாம். உண்மையில் அக்காலத்தில் அதைக் கூறத்தான் துணிவு வேண்டியிருந்தது. 1969 சூலை 20இல் மனிதர் நிலவில் கால் பதித்தனர். உலகமே அக்காட்சியில் மயங்கியிருக்க, ஒரு மாதத்துக்குள், ஆகஸ்ட் 15ஆம் நாள், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் தோன்றியது. அதன் திட்டங்களில் விண்வெளி வீரருக்கு இடமில்லை. வானிலை, தொலைத்தொடர்பு, கல்வி, வேளாண்மை ஆகியவை இருந்தன.

ககாரின் சென்ற உயரம் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சாராபாய் கண்வைத்த உயரமோ 36,000 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டுக்கு மேலே அவ்வுயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், புவியின் சுழற்சிக்கு ஈடாகச் செல்வதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். அங்கிருந்து ஒலிபரப்பினால், சாலையும் மின்கம்பியும் செல்லாத சிற்றூரிலும் ஓர் ஆசிரியரின் பாடத்தைக் காட்டலாம். தொலைக்காட்சி நகரச் செல்வர்களின் பொழுதுபோக்காக மாறுமுன் அதை உழவரிடம் கொண்டுசேர்க்க அவர் விரைந்தார். 1967 முதல் தில்லியைச் சூழ்ந்த சிற்றூர்களில் உழவர்க்கான தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கியது. 1969இல் அமெரிக்காவுடன் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்கு ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்கள் செயற்கைக்கோள் வழியே நேரடியாகக் கல்வி நிகழ்ச்சிகளைக் கண்டன.

நாஞ்சில் நாட்டுத் தென்னை உழவர்கள் அறியத்தக்க செய்தி ஒன்றுண்டு. கேரளத்தில் வேர்வாடல் நோய் தென்னையைப் பெருமளவில் அழித்துவந்தது. நோயுற்ற மரத்தின் ஓலையில் மாற்றம் கண்ணுக்குத் தெரிவதற்குள் காலம் கடந்துவிடும். சாராபாயின் ஊக்கத்தால் பி. ஆர். பிஷாரடியும் அவர் குழுவினரும் அகச்சிவப்பு நிறப்படச் சுருளுடன் உலங்கூர்தியில் பறந்து, காயங்குளம் பகுதித் தென்னந்தோப்புகளை மேலிருந்து படம்பிடித்தனர். நலமான மரமும் நோயுற்ற மரமும் அப்படத்தில் வேறுவேறு நிறத்தில் தெரிந்தன. இந்தியாவின் தொலையுணர்வு ஆய்வு இவ்வாறு ஒரு தென்னந்தோப்பின் மேல்தான் தொடங்கியது.

இக்கனவு முழுவதும் நனவாகிவிட்டது என்று கூற இயலாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக்கடலைக் கடந்தபோது, வானிலிருந்த கண்கள் புயலைக் கண்டன. ஆயினும் அச்செய்தி ஆழ்கடலுக்குச் சென்றுவிட்ட படகுகளை எட்டவில்லை. குமரிமாவட்டத்திலும் திருவனந்தபுரத்திலும் கடற்கரை ஊர்கள் பலரை இழந்தன. தும்பாவில் நிலம் தந்த மக்களும் இவர்களும் ஒரே கரையினர். 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நிலம் வரை வந்த செய்தி, கரையிலிருந்து படகுக்குச் செல்லும் கடைசித் தொலைவில் நின்றுபோனது.

கோவளத்தில் ஓர் இரவு

சாராபாயின் நாள்கள் விமானங்களிலேயே கழிந்தன. அகமதாபாத்தில் ஆய்வுக்கூடம், மும்பையில் அணுசக்தி ஆணையம், தில்லியில் அரசுக் கூட்டங்கள், தெற்கே தும்பா. இவற்றோடு துணித்தொழில் ஆய்வுச் சங்கமும், 1961இல் அவர் முயற்சியால் உருவான இந்திய மேலாண்மைக் கழகமும் அவர் கவனத்தைக் கோரின. இவ்வளவு பொறுப்புகளை ஒருவரே சுமந்தது முறைதானா என்ற ஐயம் எழாமல் இல்லை. இளையோரை நம்பிப் பெரிய வேலையை ஒப்படைக்கும் இயல்புடைய அவர், தம் சுமையை மட்டும் எவரிடமும் இறக்கிவைக்கவில்லை.

1971 திசம்பர் இறுதியில் தும்பாவுக்கு வந்து, செயற்கைக்கோளைச் சுமந்துசெல்லும் ஏவூர்தியின் வடிவமைப்புப் பணிகளைக் கேட்டறிந்தார். இரவு கோவளம் கடற்கரையிலுள்ள அரண்மனை விடுதிக்குச் சென்றார். தில்லியிலிருந்து விமானத்தில் வரவிருந்த அப்துல் கலாமைத் திருவனந்தபுரம் விமான நிலையத்திலேயே தமக்காகக் காத்திருக்குமாறு தெரிவித்திருந்தார். கலாம் வந்திறங்கியபோது அவரை எதிர்கொண்டது இறப்புச் செய்தி. திசம்பர் 30ஆம் நாள் சாராபாய் உறக்கத்திலேயே உயிர் நீத்திருந்தார். வயது 52. இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டாவையோ, 1980இல் வெற்றி கண்ட இந்திய ஏவூர்தியையோ அவர் காணவில்லை.

தும்பா நிலையம் அவர் பெயரைத் தாங்கியது. பழைய தேவாலயம் இடிக்கப்படவில்லை. விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கிறது. 1970களில் பிரான்சு நாட்டுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியே, நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன் முதலிய பொறியாளர்கள் திரவ எரிபொருள் பொறியை ஆக்கும் கலையைக் கற்றுவந்தனர். அப்பொறிக்கு விகாஸ் என்று பெயரிட்டனர். வளர்ச்சி எனப் பொருள்படும் அச்சொல்லுக்குள் விக்ரம் அம்பாலால் சாராபாய் என்னும் பெயரின் எழுத்துகள் ஒளிந்துள்ளன என்பர். அதனை எரியூட்டிச் சோதிப்பதற்கு மகேந்திரகிரியின் அடிவாரம் தெரிவுசெய்யப்பட்டது.

மனிதரை விண்ணுக்கு அனுப்ப வேண்டா என்று அவர் ஒதுக்கிவைத்த பணியை இந்தியா இன்று ககன்யான் என்னும் பெயரில் கையிலெடுத்துள்ளது. அதற்கான ஏவூர்தியில் இடம்பெறுவது விகாஸ் பொறிதான். மனிதர் செல்லும் கலத்துக்கு அது தகுதியுடையதா என்று அறிய, 2021 சூலையில் மகேந்திரகிரியில் அதனை எரியூட்டினர். பொறி 240 வினாடிகள் இடைவிடாமல் முழங்கியது.